36 மணி நேரம் 12 ஆன கதை: கம்ப்யூட்டரில் கால அளவுக் கணக்கு

மும்பை மழையைப் பற்றி நம் வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டால் லோக்கல் வண்டிகள் நிற்கும். வீட்டில் இருப்பவர் வீட்டிலேயே, ஆபீசில் இருப்பவர் ஆபீசிலேயே. சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு சனி, ஞாயிறு. எங்கள் சொசைட்டியின் இரவு வாட்ச்மேன் சனிக்கிழமை மாலை 7 மணிக்கு வேலைக்கு வந்தார். ஞாயிறு காலை 7 மணிக்கு அவரை விடுவிக்க வேண்டியவர் கல்யாணுக்கு அப்பால் இருந்து வர வேண்டும். வண்டி இல்லை. ஞாயிறு பகல் முழுவதும் இவரே நின்றார். ஞாயிறு இரவு எப்படியும் இவருடைய முறைதான். ஆகத் திங்கள் காலை 7 மணிக்குத்தான் வீட்டுக்குப் போனார்.

மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் வந்தது. அந்த வரியில் அவருக்கு 12 மணி நேரம் என்று அச்சாகியிருந்தது. பட்டியலைத் தயாரித்தது கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது நான்.

ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகவில்லை. சி.பி.எஸ்.இ.யில் பிளஸ் ஒன் படிக்கும் பேரனின் கணினிப் புத்தகத்தைப் புரட்டி, 'பைத்தான்' என்ற கம்ப்யூட்டர் மொழியை அவனிடமே கற்றுக்கொண்டேன். முப்பது வருடம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவனுக்குக் கூட்டல் கழித்தலில் என்ன பயம்? "வாட்ச்மேன்களின் நேரக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன்" என்று கமிட்டியில் நானே வலியச் சொன்னேன். பல மாதம் ஒழுங்காக ஓடியது. ஓடியதாக எல்லோரும் நினைத்தோம்.

வாட்ச்மேன் சண்டை போடவில்லை. ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். கிழமை, தேதி, நேரம் எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தது. "சாப், இரண்டு ராத்திரி, நடுவில் ஒரு பகல். கம்ப்யூட்டர் ஒரு ராத்திரிதான் என்கிறதே" என்றார். 36 மணி நேரத்தில் 24 மணி நேரத்தை நான் விழுங்கியிருந்தேன்.

அந்தத் தவறு எங்கே ஒளிந்திருந்தது என்று தேடப் போய்த்தான், நேரத்தைக் கழிப்பது எவ்வளவு வழுக்கலான காரியம் என்று கற்றுக்கொண்டேன். கம்ப்யூட்டர் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும், அவர்கள் போடும் கணக்கை நம்பிக் கையெழுத்துப் போடும் பெரியவர்களுக்கும் பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

மணி வேறு, கால அளவு வேறு

"மணி ஏழு" என்பது கடிகாரத்தில் ஒரு புள்ளி. "ஏழு மணி நேரம்" என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள நீளம். பேச்சில் இரண்டையும் கலந்துகொள்கிறோம். மைல்கல்லையும் மைல் தூரத்தையும் கலப்பது போலத்தான் இது. இந்த வித்தியாசம் நம் பாட்டன் பூட்டனுக்கு நன்றாகத் தெரியும். பஞ்சாங்கத்தில் வரும் நாழிகை, கடிகார மணியைப் போன்றதல்ல. சூரிய உதயத்திலிருந்து எவ்வளவு நேரம் கழிந்தது என்ற அளவு அது. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். ஒரு நாழிகைக்கு 60 விநாடி. ஆகப் பஞ்சாங்க விநாடி என்பது இன்றைய 24 செகண்டு. இந்தக் குழப்பம் வேண்டாம் என்பதற்காகவே இக்கட்டுரை முழுவதும் 'செகண்டு' என்றே எழுதுகிறேன்.

இன்னொரு பழக்கமும் நம்மை ஏமாற்றும். நேரத்தை 8.40, 10.15 என்று புள்ளி வைத்து எழுதுகிறோம். 10.15-இலிருந்து 8.40-ஐக் கால்குலேட்டரில் கழித்தால் 1.75 வரும். ஒரு மணி 75 நிமிடமா? சரியான விடை 1 மணி 35 நிமிடம். கால்குலேட்டர் நூறு நூறாக எண்ணுகிறது. கடிகாரம் அறுபது அறுபதாக எண்ணுகிறது. கையால் எழுதும் ஓவர்டைம் கணக்குகளில் இந்தப் பிழையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இதைத் தவிர்க்கத்தான் கம்ப்யூட்டர் என்று நினைத்தேன்.

பைத்தான் தரும் கருவிகள்

பைத்தான் என்பது பாம்பின் பெயர் அல்ல. இங்கிலாந்தில் புகழ்பெற்ற ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைக் குழுவின் பெயரிலிருந்து எடுத்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த கீடோ வான் ராசம் உருவாக்கி, 1991-இல் வெளியிட்டார். இலவசமாகக் கிடைக்கிறது. அதை இறக்கிக்கொள்ளும்போதே கூடவே ஒரு பெரிய கருவிப் பெட்டியும் வந்துவிடும். அதற்கு 'ஸ்டாண்டர்டு லைப்ரரி' என்று பெயர். வாடகைக்கு எடுத்த வீட்டில் மின்விசிறியும் விளக்கும் முன்பே மாட்டியிருப்பதைப் போல.

அந்தப் பெட்டியில் நேரத்துக்கென்று உள்ள பகுதி 'டேட்டைம்'. 2003-இல் வந்த 2.3-ஆம் பதிப்பிலிருந்து இது உண்டு. இதற்குள் நமக்கு வேண்டியவை நான்கு.

முதலாவது 'டேட்': தேதி மட்டும். இரண்டாவது 'டைம்': கடிகார நேரம் மட்டும். மூன்றாவது, பகுதியின் பெயரையே கொண்ட 'டேட்டைம்': தேதியும் நேரமும் சேர்ந்தது. நான்காவது 'டைம்டெல்டா': இதுதான் கால அளவு, அதாவது இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள நீளம்.

இலக்கணம் எளிது. ஒரு டேட்டைமிலிருந்து இன்னொரு டேட்டைமைக் கழித்தால் ஒரு டைம்டெல்டா கிடைக்கும். ஒரு டேட்டைமோடு டைம்டெல்டாவைக் கூட்டினால் இன்னொரு டேட்டைம் கிடைக்கும். இரண்டு டேட்டைம்களைக் கூட்ட முடியாது. திங்கள் காலையையும் செவ்வாய் மாலையையும் கூட்டினால் என்ன பொருள்? மொழியே மறுத்துவிடும்.

இன்னொன்றையும் மறுக்கும். வெறும் 'டைம்' இரண்டைக் கழிக்கச் சொன்னால் பிழை என்று சொல்லி நின்றுவிடும். காலை 7 மணியிலிருந்து மாலை 7 மணியைக் கழி என்றால், எந்த நாளின் காலை, எந்த நாளின் மாலை? தேதி தெரியாமல் விடை சொல்ல முடியாது என்பது அதன் நியாயம். நான் அந்த நியாயத்தைக் காதில் வாங்கவில்லை. அங்கேதான் வினை ஆரம்பித்தது.

நான் வழுக்கிய இடம்

எங்கள் வாயில் ரிஜிஸ்தரில் 'வந்த நேரம்', 'போன நேரம்' என்று இரண்டே கட்டங்கள். தேதிக்குக் கட்டம் இல்லை. வரிசை எண்தான் தேதி மாதிரி. எனவே என்னிடம் இருந்தவை வெறும் நேரங்கள். அவற்றை எழுத்திலிருந்து டேட்டைமாக மாற்ற 'ஸ்டிரிப்டைம்' என்று ஒரு வசதி உண்டு. தேதி கொடுக்காமல் நேரத்தை மட்டும் கொடுத்தால், அது தானாகவே 1900-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி என்று வைத்துக்கொள்ளும். இப்படி வந்த நேரம், போன நேரம் இரண்டுமே 1900 ஜனவரி 1 ஆகிவிட்டன. இப்போது கழிக்கலாம்; மொழியும் ஆட்சேபிக்கவில்லை.

காலை 7-இலிருந்து மாலை 7-ஐக் கழித்தால் மைனஸ் 12 மணி நேரம். ஆனால் டைம்டெல்டா தன் அளவை மூன்று பையில்தான் வைத்திருக்கும்: நாட்கள், செகண்டுகள், மைக்ரோ செகண்டுகள். செகண்டுப் பையில் எப்போதும் 0 முதல் 86,399 வரைதான் இருக்கலாம், மைனஸ் கூடாது. மைனஸ் வந்தால் அது நாட்களின் தலையில்தான் விழும். எனவே மைனஸ் 12 மணி நேரம் என்பதை "மைனஸ் 1 நாள், பிளஸ் 43,200 செகண்டு" என்று வைத்துக்கொள்கிறது. ஒருவர் 24 ரூபாய் கடன்பட்டு, கையில் 12 ரூபாய் சில்லறை வைத்திருப்பது போல. மொத்தத்தில் 12 ரூபாய் கடன்காரர்தான். ஆனால் பையைத் தட்டினால் 12 ரூபாய் சத்தம் கேட்கும்.

நான் பையைத்தான் தட்டினேன். டைம்டெல்டாவிடம் 'செகண்ட்ஸ்' எவ்வளவு என்று கேட்டேன். 43,200 என்றது. 3,600-ஆல் வகுத்தேன், 12. இரவு ஷிப்ட் 12 மணி நேரம்தானே! "பார்த்தாயா, நள்ளிரவைத் தாண்டினாலும் சரியாகச் சொல்கிறது" என்று பேரனிடம் பெருமை வேறு.

இப்போது அந்த மழை நாளைப் பாருங்கள். வந்தது மாலை 7; போனது காலை 7. நடுவே எத்தனை இரவு போனாலும் கட்டத்தில் இருப்பது அதே இரண்டு எண்கள்தான். விடை 12. தவறான விடை தவறாகவே தெரிந்தால் யாராவது பிடித்துவிடுவார்கள். ஒவ்வொரு நாளும் வரும் அதே 12-ஆக அது வந்ததால் பட்டியலைச் சரிபார்த்த செயலாளருக்கும் தெரியவில்லை, பொருளாளருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. சம்பளம் வாங்கியவருக்கு மட்டும் தெரிந்தது.

இன்னொரு செய்தி. தேதியைச் சரியாகக் கொடுத்திருந்தாலும் என் பழைய முறை தப்புத்தான் சொல்லியிருக்கும். 36 மணி நேரத்தை டைம்டெல்டா "1 நாள், 43,200 செகண்டு" என்று வைத்திருக்கும். சில்லறை எவ்வளவு என்று கேட்டால் சில்லறையை மட்டும்தான் சொல்லும், நோட்டைச் சொல்லாது. கேட்க வேண்டிய கேள்வி 'டோட்டல் செகண்ட்ஸ்', அதாவது மொத்தச் செகண்டு. அப்படிக் கேட்டால் 1,29,600 என்று சொல்லும். 3,600-ஆல் வகுத்தால் 36. இந்த வசதி 2010-இல் வந்த 2.7-ஆம் பதிப்பிலிருந்து உண்டு. இதைவிட அழகான வழியும் இருக்கிறது: கிடைத்த டைம்டெல்டாவை 'ஒரு மணி நேரம்' என்ற டைம்டெல்டாவால் நேரடியாக வகுத்துவிடலாம். 36.0 என்று வரும். துணியைக் கஜக்கோலால் அளப்பது போல.

இரண்டு பிழைகளில் எது பெரியது என்று கேட்டால், ரிஜிஸ்தரில் தேதிக் கட்டம் இல்லாததுதான். 'செகண்ட்ஸ்' என்பதை 'டோட்டல் செகண்ட்ஸ்' என்று மாற்ற ஒரு நிமிடம் போதும். எழுதி வைக்காத தேதியை எந்த லைப்ரரியும் திருப்பித் தராது. அதனால் முந்தைய மாதங்களுக்கு வாட்ச்மேன்களின் வாய்மொழியையும் அந்த நோட்டுப் புத்தகத்தையும் வைத்தே கமிட்டி பணம் கொடுத்தது. அதுதான் முறை என்று நானும் வாதாடினேன்.

பஞ்சாங்கமும் கூட்டல் கணக்கும்

கழித்தலைப் பார்த்தோம், கூட்டலுக்கு நம் வீட்டு உதாரணம் ஒன்று. ஊரிலிருந்து வரும் நாழிகைப் பஞ்சாங்கத்தில் திதி 14 நாழிகை 30 விநாடி வரை என்று போட்டிருக்கிறது. சென்னையில் சூரிய உதயம் 6.12 என்று வைத்துக்கொள்வோம். பதினாலரை நாழிகை என்பது 348 நிமிடம். 6.12 என்ற டேட்டைமோடு 348 நிமிட டைம்டெல்டாவைக் கூட்டினால் பகல் 12 மணி.

இங்கே மும்பைவாசிகள் செய்யும் தவறு, செம்பூரில் சூரியன் உதிக்கும் நேரத்தோடு கூட்டுவது. சென்னைக்கும் மும்பைக்கும் தீர்க்கரேகையில் சுமார் ஏழரை பாகை வித்தியாசம். ஒரு பாகைக்கு 4 நிமிடமாக, சுமார் அரை மணி. பருவத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். திதி முடிவது வானத்தில் நடக்கும் ஒரே கணம். சென்னைக்கு ஒன்று, மும்பைக்கு ஒன்று கிடையாது. பஞ்சாங்கம் சென்னை உதயத்திலிருந்து அளந்திருந்தால், நாமும் சென்னை உதயத்திலிருந்துதான் கூட்ட வேண்டும். திவசத் திதி எது என்று அண்ணன் தம்பிகளுக்குள் டெலிபோனில் நடக்கும் வாக்குவாதங்களில் பாதி, அளவு எங்கே தொடங்குகிறது என்று பார்க்காததால் வருவதே.

மாதமும் வருடமும் ஏன் இல்லை?

டைம்டெல்டாவிடம் வாரம், நாள், மணி, நிமிடம், செகண்டு எல்லாம் சொல்லலாம். மாதம் என்றோ வருடம் என்றோ சொன்னால் ஏற்காது. காரணம் நியாயமானது. மாதம் என்றால் 28 நாளா, 29-ஆ, 30-ஆ, 31-ஆ? ஜனவரி 31-க்கு ஒரு மாதம் கழித்து எந்தத் தேதி? ஆளுக்கு ஒரு விடை சொல்வார்கள். நீளம் நிலையில்லாத கோலால் அது அளக்காது.

ஆனால் நமக்கு வயது வேண்டுமே? நாட்களை 365-ஆல் வகுத்துவிடலாம் என்று தோன்றும். பார்ப்போம். 2000 ஆகஸ்டு 15-இல் பிறந்த பெண். அவளுக்கு 18 வயது நிரம்புவது 2018 ஆகஸ்டு 15-இல். அதற்கு முதல் நாள், ஆகஸ்டு 14-இல் கழித்துப் பார்த்தால் 6,573 நாட்கள். 365-ஆல் வகுத்தால் 18-ஐத் தாண்டிவிடுகிறது. ஒரு நாள் முன்னதாகவே மேஜராகிவிட்டாள்! சரி, லீப் வருடத்துக்காக 365.25-ஆல் வகுப்போம் என்றால், பிறந்த நாளான ஆகஸ்டு 15 அன்றே 6,574-ஐ வகுக்க 17.998 வருகிறது. பிறந்த நாள் கேக் வெட்டிய பிறகும் 17 வயதுதான்! முதல் முறை முந்துகிறது, இரண்டாவது பிந்துகிறது. கல்யாணப் பதிவுக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் ஒரு நாள் என்பது சின்ன விஷயமா?

சரியான வழி நம் அம்மாக்கள் விரல் விட்டுச் சொல்லும் வழிதான். இந்த வருடத்திலிருந்து பிறந்த வருடத்தைக் கழி. இந்த வருடத்துப் பிறந்த நாள் இன்னும் வரவில்லை என்றால் ஒன்றைக் குறை. பைத்தானிலும் இரண்டே வரி.

இதனுடன் சேர்ந்த இன்னொரு சிறு கண்ணி: 10-ஆம் தேதி முதல் 15-ஆம் தேதி வரை லீவு. கழித்தால் 5, ஆனால் லீவு 6 நாள். முதல் நாளையும் கடைசி நாளையும் சேர்த்து எண்ணுகிறோமா என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஒன்றைக் கூட்ட வேண்டுமா என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

கடிகாரமே நகரும் ஊர்கள்

நம்மில் பலருக்கு மகனோ மகளோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். மார்ச்சிலும் நவம்பரிலும் "அம்மா, இனிமேல் ஒரு மணி நேரம் மாற்றிக் கூப்பிடு" என்பார்கள். அங்கே மார்ச் இரண்டாவது ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரத்தை 3 என்று தள்ளுகிறார்கள். நவம்பர் முதல் ஞாயிறன்று ஒரு மணி நேரம் பின்னுக்கு இழுக்கிறார்கள். 2007 முதல் இந்தத் தேதிகள்.

நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் பெண் 2025 மார்ச் 8 சனிக்கிழமை இரவு 10 மணிக்கு டூட்டிக்குப் போய், மறுநாள் காலை 6 மணிக்கு வெளியே வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கடிகாரத்தைக் கழித்தால் 8 மணி நேரம். உண்மையில் வேலை செய்தது 7. அதே பெண் 2025 நவம்பர் 1 இரவு 10 முதல் மறுநாள் காலை 6 வரை வேலை செய்தால், கடிகாரம் 8 என்கும், உழைத்தது 9.

இதற்காகப் பைத்தானில் 'சோன்இன்ஃபோ' என்ற பகுதி 2020-இல், 3.9-ஆம் பதிப்பில் சேர்ந்தது. உலகத்து ஊர்களின் நேர மாற்றங்களைத் தொகுத்த அட்டவணையைப் படித்து, எந்த ஊரில் எந்தத் தேதியில் கடிகாரம் எப்படி இருந்தது என்று சொல்லும். ஊர்ப் பெயரை ஒட்டிய டேட்டைமையும் ஒட்டாத டேட்டைமையும் ஒன்றிலிருந்து ஒன்று கழிக்கச் சொன்னால் மறுத்துவிடும், அது நல்லதே.

ஆனால் இங்கே படித்தவர்களே விழும் ஒரு குழி உண்டு. இரண்டு டேட்டைமிலும் ஒரே ஊரை, நியூயார்க் என்றே, ஒட்டியிருந்தால் பைத்தான் ஊரைப் பார்க்காமல் கடிகார முள்ளை மட்டும் கழிக்கும். நம் நர்ஸுக்கு இரண்டு இரவிலும் 8 என்றே சொல்லும். கழிப்பதற்கு முன்னால் இரண்டையும் 'யூ.டி.சி.' என்ற உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட வேண்டும். பிறகு கழித்தால் 7 என்றும் 9 என்றும் சரியாக வரும். உழைத்த நேரத்துக்குக் கூலி என்றால் பொது நேரத்தில் கழிக்க வேண்டும் என்று பிள்ளைகள் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

"நம் நாட்டில் அந்தத் தொல்லை இல்லையே" என்பீர்கள். இன்று இல்லை, முன்பு இருந்தது. இந்திய நேரம் என்ற ஒரே நேரம், உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னதாக, 1906 ஜனவரி 1-இல்தான் வந்தது. அதற்கு முன் இந்திய ரயில்வே ஓடியது சென்னை நேரத்தில்! சென்னை வானிலைக் கூடத்தின் தீர்க்கரேகையை வைத்துக் கணித்த அது, பொது நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் 10 செகண்டு முன்னதாக இருந்தது. பம்பாய்க்காரர்கள் இந்திய நேரம் வந்த பிறகும் விட்டுக்கொடுக்கவில்லை. அதைவிட 39 நிமிடம் பிந்திய 'பம்பாய் நேரம்' இந்நகரில் 1955 வரை வழங்கியது. கல்கத்தா தன் நேரத்தை 1948 வரை வைத்திருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுப்பகுதி வரை, நாடு முழுவதும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் காலை 6 மணிக்குப் பிறந்ததாக ஜாதகத்தில் எழுதியிருந்தால், அது போர்க்கால மணியா, பழைய மணியா என்று கேட்காமல் லக்கினம் சொல்ல முடியாது.

அட்டவணையில் இந்தியாவுக்கு 'ஆசியா கொல்கத்தா' என்று ஒரே பெயர்தான். அதில் போர்க்கால மாற்றம் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கொல்கத்தா என்ற பெயரின் கீழ் 1906-க்கு முந்தைய ஆண்டுகளுக்கு இருப்பது நம் சென்னை நேரம். பம்பாய் நேரம் அதில் இல்லவே இல்லை. 1950-இல் மும்பையில் பிறந்த ஒருவரின் தாத்தா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதி வைத்த நேரத்தை, இந்த அட்டவணை இந்திய நேரமாகவே எடுத்துக்கொள்ளும். அட்டவணையில் ஏறாததைக் கம்ப்யூட்டர் அறியாது. எங்கள் ரிஜிஸ்தரில் ஏறாத தேதியைப் போல.

ஓட்டப் பந்தயக் கடிகாரம்

இன்னொரு வகை அளவு, இந்தக் கணத்திலிருந்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. ஒரு வேலையைக் கம்ப்யூட்டர் எத்தனை செகண்டில் முடிக்கிறது என்பது போல. இதற்குத் தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் கம்ப்யூட்டரின் மணியைப் பார்த்துக் கழிக்கலாம் என்று தோன்றும். நடுவில் யாராவது கடிகாரத்தைத் திருத்தினால்? இணையத்தோடு சேர்ந்து கம்ப்யூட்டர் தானாகவே திருத்திக்கொள்வதும் உண்டு. அப்போது ஒரு வேலை தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டதாகக் கூட விடை வரும்.

இதற்கென்று 'டைம்' என்ற தனிப் பகுதியில் 'மோனோடோனிக்' என்ற கருவி இருக்கிறது. 2012-இல் வந்த 3.3-ஆம் பதிப்பிலிருந்து உண்டு. பின்னோக்கிப் போகவே போகாத கடிகாரம் இது. மிகச் சிறிய அளவுகளுக்கு 'பெர்ஃப் கவுண்டர்' என்று இன்னொன்று. ஸ்டாப் வாட்சைப் போல இவற்றுக்கு மணி தெரியாது. இடைவெளி மட்டும் தெரியும். எனவே வாட்ச்மேன் ரிஜிஸ்தருக்கு உதவாது.

வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று கணக்குகள்

ஒன்று: ஒரு வண்டி இரவு 8.35-க்குப் புறப்பட்டு மறுநாள் மாலை 6.20-க்குச் சேர்கிறது. பயண நேரம் எவ்வளவு?

இரண்டு: 2028 பிப்ரவரி 28 முதல் மார்ச் 2 வரை லீவு. எத்தனை நாள்?

மூன்று: சென்னையில் 1905 டிசம்பர் 31 நண்பகல் முதல் 1906 ஜனவரி 1 நண்பகல் வரை எவ்வளவு நேரம்? முதல் நாள் சென்னை நேரம், இரண்டாம் நாள் இந்திய நேரம் என்று வைத்துக்கொள்ளவும்.

விடைகள்: முதலாவது 21 மணி 45 நிமிடம். இரண்டாவது 4 நாள். 2028 லீப் வருடம், இரு முனைகளையும் சேர்த்து எண்ண வேண்டும். மூன்றாவது 23 மணி 51 நிமிடம் 10 செகண்டு. பைத்தானில் போட்டு 24 என்று வந்தால், பொது நேரத்துக்கு மாற்றாமல் கழித்துவிட்டீர்கள்.

எங்கள் சொசைட்டி ரிஜிஸ்தரில் இப்போது நான்கு கட்டங்கள்: வந்த தேதி, வந்த நேரம், போன தேதி, போன நேரம். பட்டியலில் 12-ஐத் தாண்டும் வரியும், 12-க்குக் குறையும் வரியும் சிவப்பில் வரும்படி செய்திருக்கிறேன். பணம் கொடுப்பதற்கு முந்தைய நாள் பட்டியலை வாயிற்படி அறையில் ஒட்டிவிடுகிறோம். வாட்ச்மேன் தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, வரி வரியாக விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார். அவர் தலையாட்டிய பிறகுதான் நான் கையெழுத்துப் போடுகிறேன்.